துவர்ப்புக்கு எத்தனை வயது?

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் ஒரு விநோதமான வியாபாரம் நடக்கும். முந்தைய செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சையின் ஒயின் அப்போது ஓக் மரப் பீப்பாயில் கிடக்கிறது. வயது ஆறு மாதம். பாட்டிலில் அடைக்க இன்னும் ஓராண்டு ஆகலாம். அதற்குள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வணிகர்களும் விமர்சகர்களும் வந்து இறங்கிவிடுவார்கள். பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியை வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்புவார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறக்கலாம், முப்பது ஆண்டு தாங்கும் என்கிற பாணியில் குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்பை நம்பி, கண்ணால் பார்க்காத பாட்டிலுக்கு ஆட்கள் பணம் கட்டுவார்கள். இந்த முன்கூட்டிய விற்பனைக்கு அங்கே ‘ஆன் ப்ரிமூர்’ என்று பெயர்.

வாயை இழுத்துப் பிடிக்கிற ஒரு திரவத்தை ஒரு மடக்கு சுவைத்துவிட்டு அதன் முப்பது ஆண்டு வாழ்க்கையைச் சொல்வது ஜோசியம் போலத்தான் தோன்றும். முழுக்க அப்படி இல்லை. அதற்குள் என்னென்ன வேதிவினைகள் நடக்கப்போகின்றன என்பது ஓரளவு நன்றாகவே தெரியும். எந்தத் திசையில் போகும் என்று சொல்லிவிடலாம். எந்த ஆண்டில் போய்ச் சேரும் என்பதில்தான் நிபுணர்களும் வழுக்கி விழுகிறார்கள்.

போர்தோவின் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே ரகத் திராட்சையில் செய்வதில்லை. கரோன், டோர்டோன் என்ற இரண்டு ஆறுகள் கூடி ஜிரோந்த் கழிமுகமாகி அட்லாண்டிக்கில் கலக்கின்றன. இடது கரையான மெடோக்கில் கூழாங்கல் மண். தண்ணீர் தேங்காது, வெயிலில் நன்றாகச் சூடேறும். தாமதமாகப் பழுக்கிற காபர்னே சாவின்யோனுக்கு அது தோதான இடம். வலது பக்கம், செந்தெமிலியோன், பொமெரோல் பகுதிகளில் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும். அந்த மண்ணில் ஈரமும் குளிர்ச்சியும் நிற்கும். சீக்கிரம் பழுக்கிற மெர்லோ அங்கே நன்றாக வருகிறது.

மெர்லோ முந்திப் பூத்து முந்திப் பழுக்கும். பூக்கிற சமயத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் மெர்லோவின் பூ உதிர்ந்துபோகும். அறுவடையின் கடைசி வாரங்களில் மழை பிடித்துக்கொண்டால் காபர்னே மாட்டிக்கொள்ளும். இரண்டையும் பயிரிட்டவர் ஏதாவது ஒன்றில் தப்பித்துவிடுவார். கலவையின் அழகைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது அடிப்படையில் விவசாயியின் பயிர்க் காப்பீடாகத்தான் தெரிகிறது. ஆனால் சுவையிலும் அது பலன் தருகிறது என்பதை மறுக்க முடியாது. காபர்னேயின் கனி சிறியது, தோல் தடித்தது, சதைக்கு விதை அதிகம். அதனால் துவர்ப்புப் பொருளான டானின் கூடுதல். மெர்லோவில் சதைப்பற்று அதிகம், மென்மை அதிகம். காபர்னே ஃப்ரான் வாசனைக்கு. பெட்டி வெர்டோ கடைசியாகப் பழுக்கும். நிறத்துக்கும் முறுக்குக்கும் நூற்றுக்குச் சில பங்கு சேர்ப்பார்கள். 1997இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பவர்ஸும் கேரல் மெரிடித்தும் மரபணுச் சோதனையில் ஒரு குடும்ப ரகசியத்தை வெளியே கொண்டுவந்தார்கள்: காபர்னே சாவின்யோன், காபர்னே ஃப்ரானுக்கும் வெள்ளைத் திராட்சையான சாவின்யோன் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளை. மெர்லோவும் காபர்னே ஃப்ரானின் வாரிசுதான் என்பது பிறகு தெரியவந்தது. ஆக, கோப்பைக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே வீட்டு ஆட்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. மெர்லோ மிகுந்த கலவை பொதுவாகச் சீக்கிரம் இளகும். காபர்னே மிகுந்தது முரண்டு பிடிக்கும்.

இப்போது கோப்பைக்கு வருவோம். அதைச் சாய்த்து ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து, நடுவை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். இளம் ஒயின் என்றால் விளிம்பு ஊதாவாக இருக்கும். நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம். இரண்டுக்கும் காரணம் ஒரே குடும்பத்து நிறமிகள், அந்தோசயனின்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒயினின் பிஎச் அளவு சுமார் 3.5 முதல் 3.8 வரை. அந்த அமிலத்தன்மையில் அந்தோசயனின் மூலக்கூறுகளில் பெரும்பகுதி நிறமில்லாத வடிவத்துக்குப் போய்விட வேண்டும். போதாக்குறைக்கு, கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடும் அவற்றை வெளுக்கச் செய்யும். அப்படியும் இளம் ஒயின் மசி போல இருப்பதற்குக் காரணம், தட்டையான அந்தோசயனின் மூலக்கூறுகள் மற்ற ஃபீனால் மூலக்கூறுகளோடு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்கிக்கொள்வதுதான். அடுக்குக்குள் இருக்கும் வரை நிறம் காப்பாற்றப்படுகிறது. இளம் சிவப்பு ஒயினின் நிறத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இந்தத் தற்காலிக அடுக்கின் உபயம்.

தற்காலிகம் என்பதைக் கவனியுங்கள். சில ஆண்டுகளில் தனி அந்தோசயனின்களில் பெரும்பாலானவை காணாமல் போய்விடும். சில சிதையும். சில டானினோடு நிரந்தரமாகப் பிணைந்து புதிய நிறமிகளாகும். இந்தப் புதிய நிறமிகள் கந்தக டை ஆக்சைடுக்கு அவ்வளவாக மசியாது. நிறமும் ஊதாவிலிருந்து செங்கல் பக்கம் நகரும். ஆகவே விளிம்பு என்பது ஒரு கடிகாரம். பதினைந்து வயது ஒயினில் செங்கல் நிறம் தெரிந்தால் இயல்பு. மூன்றே வயதான ஒயினில் தெரிந்தால் எங்கோ காற்று அதிகமாகப் புகுந்திருக்கிறது அல்லது சூட்டில் கிடந்திருக்கிறது. அதை வைத்துப் பார்க்க வேண்டாம், இந்த வாரமே குடித்துவிடுங்கள்.

வாசனை விஷயத்தில் சுருக்கமாகப் போய்விடுகிறேன், ஏனென்றால் ஆறு மாத ஒயினில் மூக்கு ஏமாறும். வெனிலா, தேங்காய் வாசனை வந்தால் அது ஓக் மரம் பேசுகிறது, திராட்சை அல்ல. நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் பழ வாசனை எஸ்டர்களில் பல ஒன்றிரண்டு ஆண்டில் நீர்த்துப்போகும். காபர்னேயில் குடைமிளகாய் வாசனை அடித்தால் மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மெத்தாக்ஸிபைரசின் என்ற அந்தச் சேர்மத்தை ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். திராட்சை சரியாகப் பழுக்கவில்லை என்பதன் அடையாளம் அது. வயது ஏறினாலும் லேசில் போகாது.

வாய்க்குள் போனதும் முதலில் தாக்குவது துவர்ப்பு. நம் அறுசுவைக் கணக்கில் அது ஒரு சுவை. உடலியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்ச்சியின் பக்கம் வைக்கிறது. உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. நாக்கும் கன்னமும் உரசாமல் வழுக்குவதற்கு உமிழ்நீரின் புரதங்கள்தான் மசகு. டானின் இந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டிக் கட்டியாகத் திரள வைத்துவிடுகிறது. மசகு போனதும் தோலும் தோலும் நேரே உரசுகின்றன. அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். நேரில் பார்க்க ஆசைப்பட்டால், டானின் மிகுந்த இளம் ஒயினை வாயில் பதினைந்து விநாடி சுழற்றி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் துப்புங்கள். வழவழப்பான ஊதா இழைகள் மிதக்கும். உங்கள் உமிழ்நீரின் புரதம்தான் அது, டானினோடு சேர்ந்து திரண்டது. பார்க்க அருவருப்புதான்; ஆனால் இந்த அத்தியாயத்தின் வேதியியலில் பாதி அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

போர்தோவின் பழைய பாதாள அறைகளில் இதே வினையை முட்டையை வைத்துச் செய்வார்கள். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து ஊற்றினால், அதன் புரதம் முரட்டு டானின்களில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு அடியில் வண்டலாகப் படியும். மிஞ்சிய மஞ்சள் கருவிலிருந்துதான் அந்த ஊரின் ‘கனெலே’ என்ற கேக் பிறந்தது என்று சொல்வார்கள்.

துவர்ப்பு ஒவ்வொரு மடக்குக்கும் கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் போன மசகு திரும்ப ஊற நேரம் வேண்டும். ஒரு காலையில் ஐம்பது மாதிரி சுவைப்பவரின் நாற்பதாவது குறிப்பை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இன்னொரு பொறியும் உண்டு. முரடாகத் தெரிவதெல்லாம் டானின் மிகுதியால் அல்ல. அதே அளவு டானின், புளிப்பு கூடிய ஒயினில் அதிக முரடாகத் தெரியும். ஆல்கஹால் கூடினால் துவர்ப்பு சற்று அடங்கிக் கசப்பு தலைகாட்டும். டானினிலும் தோலிலிருந்து வந்தது ஒரு விதம், விதையிலிருந்து வந்தது வேறு விதம். விதை டானின்களின் சங்கிலி குட்டை, அவற்றில் காலிக் அமிலம் ஒட்டியிருப்பது அதிகம், உணர்வும் கரடுமுரடு. அறுவடைக்கு முன் தோட்டக்காரர்கள் விதையைக் கடித்து மென்று பார்ப்பது இதற்காகத்தான். பச்சையாக இருந்தால் கசக்கும்; பழுப்பேறியிருந்தால் வறுத்த கொட்டை போல முறுகும்.

இனி நாள்பட்டால் என்ன ஆகும்? பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்த கதை எளிமையானது. டானின்கள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகி, கனம் தாங்காமல் வண்டலாக விழுந்துவிடும், ஒயின் மென்மையாகும். வண்டல் விழுவது உண்மை. கதையில் பாதிதான் உண்மை. ஒயினின் அமிலத்தில் டானின் சங்கிலிகள் தாமாகவே அறுந்துகொண்டும் இருக்கின்றன. அறுந்த துண்டுகள் அந்தோசயனினோடும் தங்களுக்குள்ளும் மறுபடி சேர்கின்றன. இப்படி உருமாறியவற்றில் பல உமிழ்நீர்ப் புரதத்தைப் பழைய வேகத்தில் பிடிப்பதில்லை. டானின் குறைவதைவிட அதன் வடிவம் மாறுவதுதான் பெரிய மாற்றம்.

இதில் காற்றின் பங்கை முதலில் காட்டியவர் லூயி பாஸ்டர். மூன்றாம் நெப்போலியன் ஒயின் கெட்டுப்போவதைப் பற்றி ஆராயச் சொன்னதில் தொடங்கிய வேலை 1866இல் நூலாக வந்தது. ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, சிலவற்றை முழுதாக நிரப்பி, சிலவற்றில் பாதி காற்று விட்டு மூடிவைத்தார். நிரம்பியவை அதிகம் மாறவில்லை. காற்று இருந்தவை நிறம் மாறி வண்டல் விட்டன. ஆக்சிஜன் நேராக டானினைத் தாக்குவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஒயினில் கடுகளவாக இருக்கும் இரும்பும் செம்பும் இடைத்தரகராக நின்று ஆக்சிஜனை ஃபீனால்களோடு வினைபுரிய வைக்கின்றன. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அது எத்தனாலில் கொஞ்சத்தை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அந்த அசிட்டால்டிஹைடு டானினுக்கும் அந்தோசயனினுக்கும் நடுவே பாலம் போடுகிறது. பீப்பாயில் மரத்தின் வழியாகவும், சில மாதங்களுக்கு ஒருமுறை ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றும்போதும், இந்த வேலைக்கு வேண்டிய காற்று கிடைக்கிறது. பாட்டிலுக்குள் போனபின் வரத்து நின்றுபோன மாதிரிதான். நல்ல தக்கை வழியே ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் புகுந்தால் அதிகம்.

இவ்வளவும் தெரிந்தபின் இளம் ஒயினைப் பார்த்து எப்படி முடிவெடுப்பது? டானின் எக்கச்சக்கமாக இருந்தால் நீண்ட ஆயுள் என்று கணக்குப் போடத் தோன்றும். போர்தோவின் 1975ஆம் ஆண்டு ஒயின்கள் அந்தக் கணக்கைப் பொய்யாக்கின. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் சுமார் ரகம். ஏங்கிக் கிடந்தவர்களுக்கு 1975 வரப்பிரசாதமாகத் தெரிந்தது. கறுத்த நிறம், கல் போன்ற டானின். பொறுத்திருந்தால் பிரமாதமாக வரும் என்றார்கள். பொறுத்தார்கள். பலவற்றில் டானின் இளகுவதற்கு முன் பழச்சுவை வற்றிப்போனது. தோலும் எலும்புமாக நின்றது ஒயின். விதிவிலக்குகள் உண்டு, குறிப்பாகப் பொமெரோலில்.

1982இல் நேர்மாறு. வெயில் கொட்டிய ஆண்டு. பழம் நன்றாகப் பழுத்து, புளிப்புக் குறைந்து, பீப்பாயிலேயே குடிக்கத் தோன்றும்படி ஒயின் இருந்தது. இவ்வளவு சுலபமாக வாய்க்குள் இறங்குவது நிலைக்காது என்று பெயர்பெற்ற விமர்சகர்கள் சிலர் ஒதுக்கினார்கள். அதிகம் அறியப்படாத அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் உறுதியாக எதிர்ப்பக்கம் நின்று, அந்த ஒரு தீர்ப்பிலேயே பெரிய ஆள் ஆனார். சிறந்த தோட்டங்களின் 1982 முப்பது ஆண்டுக்கு மேலும் நன்றாக இருந்தது. அதிலும் டானின் ஏராளம். நன்கு பழுத்த டானின், அதை மூடும் அளவுக்குச் சதைப்பற்று, அவ்வளவுதான். நன்கு பழுத்தபின் பறி, நல்லதை மட்டும் தேர்ந்தெடு என்று போர்தோ உற்பத்தியாளர்களுக்குப் பல ஆண்டுகள் ஓதியவர் எமீல் பெய்னோ. அவர் வழி சரி என்பதற்கு 1982 போதும்.

ஆகவே நான் துவர்ப்பின் அளவைவிட, துப்பியபிறகு எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் கவனிப்பேன். துவர்ப்பு அடங்கியபிறகும் பழத்தின் சுவை வாயில் நீண்டால், பொறுப்பதில் பொருள் இருக்கிறது. பழம் முதலில் மறைந்து வறட்சி மட்டும் மிஞ்சினால், பத்து ஆண்டு வைத்தாலும் கூடுதல் வறட்சிதான் மிஞ்சும். இப்படிச் சொன்னாலும் நாக்கை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. போர்தோ பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்பு நிறமி கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வருணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது. நிறத்துக்கே இந்தக் கதி என்றால், புகழ்பெற்ற பெயர் எழுதிய லேபிள் எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பை எவ்வளவு வளைக்கும்!

சிலர் ஒரு சோதனை செய்வார்கள். பாட்டிலைத் திறந்து பாதி குடித்துவிட்டு, மீதியை மூன்று நாள் வைத்துச் சுவைப்பார்கள். மூன்றாம் நாளும் நன்றாக இருந்தால் நெடுநாள் தாங்கும் என்று பொருளாம். இதை முழுக்கத் தள்ளமாட்டேன். ஆக்சிஜனைத் தாங்கும் கையிருப்பு எவ்வளவு என்று தெரியும். ஆனால் பாதி காலியான பாட்டிலில் நடப்பது வெள்ளம்; மூடிய பாட்டிலில் நடப்பது கசிவு. முதல்நாள் மூடிக்கொண்டிருந்த ஒயின் இரண்டாம் நாள் மலர்ந்தால் அவசரப்பட வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாளை இத்தனை ஆண்டு என்று மாற்றிச் சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை.

தேதியை உண்மையில் தீர்மானிப்பது பெரும்பாலும் வைக்கிற இடம்தான். விமர்சகரின் கணிப்பில் எழுதப்படாத ஒரு நிபந்தனை உண்டு: 12, 13 டிகிரி செல்சியஸில், இருட்டில், படுக்கவைத்த பாட்டில். வேதிவினைகள் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பு வேகமாகும் என்பது கல்லூரி விதி. அதைவிட முக்கியம், எல்லா வினையும் ஒரே விகிதத்தில் வேகமாவதில்லை. சென்னையில் கோடை முழுக்கச் சமையலறை அலமாரியில் கிடந்த ஒயினுக்கு வெறுமனே வயது கூடியிருக்காது. அது வேறு ஒயினாகவே ஆகியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஏசி அறையோ குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டோ இல்லையென்றால் இருபது ஆண்டுக் கனவு வேண்டாம். பாட்டிலின் அளவும் கணக்கில் வரும்: ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஒயினின் அளவோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் காற்று குறைவு, அதனால் மெதுவாக முதிரும், அரைப் பாட்டில் முந்திக்கொள்ளும்.

போயாக்கில் உள்ள ஷாத்தோ லத்தூர் என்ற புகழ்பெற்ற தோட்டம் 2012இல் ஆன் ப்ரிமூர் முறையிலிருந்தே விலகியது. ஒயினைத் தன் நிலவறையிலேயே வைத்திருந்து, குடிக்கும் பதத்தை நெருங்கியதாகத் தோன்றும்போதுதான் வெளியே விடுகிறது. விலை ஏறுவதன் பலன் தன் கைக்கே வரவேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கும். எப்படியானாலும், தேதி சொல்லும் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டாமல் தானே ஏற்றுக்கொண்டது.

லத்தூர் வாங்கும் வசதி இல்லாதவர்கள் ஆறு பாட்டிலாக வாங்குவது நல்லது. மெர்லோ பாதிக்கு மேல் உள்ள நடுத்தர விலைக் கலவை என்றால் அறுவடையிலிருந்து நான்காம், ஐந்தாம் ஆண்டில் முதல் பாட்டிலைத் திறப்பேன்; காபர்னே ஓங்கிய நல்ல மெடோக் என்றால் எட்டாம் ஆண்டுவாக்கில். இன்னும் துவர்ப்பு முந்திக்கொண்டு வந்தால் அடுத்ததுக்கு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி. பழமும் துவர்ப்பும் சமமாக வரத் தொடங்கியதும் இடைவெளியைக் குறைத்துவிட வேண்டும்.

கையில் ஒரே பாட்டில்தான் என்றால் தாமதிப்பதைவிட அவசரப்படுவதே மேல். முரட்டு இளம் ஒயினுக்குப் பரிகாரம் உண்டு: அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணிநேரம் காற்றாட வையுங்கள், கொழுப்போடு வதக்கிய ஆட்டுக்கறியோ முதிர்ந்த சீஸோ பக்கத்தில் இருக்கட்டும். டானின் உங்கள் உமிழ்நீரைத் தேடிப் போவதற்கு முன் அவற்றின் புரதத்திடம் மாட்டிக்கொள்ளும். பழம் வற்றிய ஒயினுக்கு இப்படி எந்தக் கைவைத்தியமும் கிடையாது.